ஜன்னலோர மருமகள்

சயாத் இறந்துபோன செய்தி காலை ஆறே முக்காலுக்கு எனக்கு வந்தது. ஏழரைக்கு அவன் அம்மா தமேஷ் அக்காவுக்கு நான் இன்சுலின் ஊசி போட வேண்டும். இடையில் இருந்த முக்கால் மணி நேரத்தில் அழுது முடித்து, முகம் கழுவி, குரலைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அவளுக்குக் கண் தெரியாது. குரல்தான் முக்கியம்.

பல்காஷ் சாலையில் பனிப்புயல். நின்றுகொண்டிருந்த லாரி கண்ணுக்குத் தெரியாமல், சயாத் தன் லாரியை அதன் பின்னால் கொண்டுபோய் மோதியிருக்கிறான். அவனுடைய கூட்டாளி எர்பொல் விடியற்காலையில் அவனுக்கு போன் போட்டபோது எடுத்தது போக்குவரத்துப் போலீஸ்காரர். "இந்த போனுக்குச் சொந்தக்காரர் இறந்துட்டார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாராம். எர்பொல் நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான்.

எங்கள் ஜனங்களில் அப்படிச் சொல்வதில்லை. சாவுச் செய்தியை வந்த வேகத்தில் தூக்கிப் போடக் கூடாது. குடும்பத்தில் மூத்தவர் வர வேண்டும், கூட நாலு பெரியவர்கள் வர வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேயோ தொடங்கி, மெல்லச் சுற்றி வந்து, கேட்கிறவளின் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதுவரை அந்த வீட்டுக்குள் யாரும் ஈரக் கண்ணோடு நுழையக்கூடாது. பிள்ளை போனதை ஒரு தாய் தனியாக, பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் கேட்கும்படி விட்டுவிட்டால், எங்கள் அடுக்குமாடியில் ஒரே படிக்கட்டைச் சேர்ந்த எட்டு வீடும் வெளியே தலைகாட்ட முடியாது.

மூத்தவர் என்றால் செய்ல்கான். தமேஷ் அக்காவின் கணவருடைய அண்ணன், எழுபத்தெட்டு வயது. கர்கராலியில் இருக்கிறார். சாலையை மூடிவைத்திருந்தார்கள்.

"மத்தியானம் திறந்துடுவாங்களாம். நாலு மணிக்குள்ள அவரைக் கூட்டிட்டு வந்துடறேன் அக்கா," என்றான் எர்பொல். "அதுவரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும். யாரும் உளறிடாம."

"எவளாவது வாயைத் தொறந்தா நாக்கை அறுத்துடுவேன். நீ வா," என்றேன்.

ஊரில் இருக்கிற நாக்கையெல்லாம் நினைத்தேனே தவிர, அந்த வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்ததை நான் நினைக்கவே இல்லை.

தமேஷ் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் புல்வெளியிலிருந்து எங்கள் சுரங்க ஊருக்கு வந்தவள். ருஷ்ய மொழியில் நாலு வார்த்தைகூடத் தெரியாமல் சுரங்கத்தின் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டே பேசக் கற்றாள். முப்பத்தொரு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தாள். கீழே மண் சரிந்த நாட்களில் நாற்பது ஐம்பது அழைப்புகளை ஒரே சமயத்தில் இணைத்துக்கொண்டிருப்பாள், குரல் நடுங்காது. தலைமைப் பொறியாளரே அவளைக் கண்டால் பயப்படுவார், அவர் யார் யாருக்குப் போன் போடுகிறார் என்று அவளுக்குத்தானே தெரியும். நான் அதே சுரங்கத்தின் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். அவள் குரல் எனக்கு முதலில் அறிமுகம், ஆள் பிறகுதான்.

பிறகு அழைப்புகளைத் தானே இணைக்கும் இயந்திரம் வந்தது. ஒரு சான்றிதழும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவர் நிலக்கரித் தூசியால் நெஞ்சு அடைத்து இறந்துபோனார். சர்க்கரை நோய் மூன்று வருஷத்தில் இரண்டு கண்ணையும் தின்றது. மிச்சம் சயாத் மட்டும்தான். ஒரே பிள்ளை, நாற்பத்து நான்கு வயது, மனைவி விட்டுப் போய்விட்டாள், பாதி நாள் லாரியில்.

அம்மாவைத் தனியாக விட மனம் வராமல் அவன்தான் அந்தப் பேசும் பெட்டியை வாங்கிவந்தான். தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்த அளவு இருக்கும். மேலே ஒரு நீல விளக்கு. "அய்னா" என்று கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும். மணி சொல்லும், வானிலை சொல்லும், ஊசி நேரத்தை நினைவுபடுத்தும், வருகிற செய்திகளை வாசித்துக் காட்டும், யாருக்கு வேண்டுமானாலும் போன் போட்டுத் தரும். பேசுவது மட்டும் வானொலியில் அறிக்கை வாசிக்கிறவளைப் போல.

"என்னை ஒரு பெட்டி வந்து வீட்டுக்கு அனுப்புச்சு. இப்ப இன்னொரு பெட்டி வந்து என்னைப் பாத்துக்குதாம்," என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மாதத்தில் அதற்கு மருமகள் என்று பெயர் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டைதான். நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை எழும். "அடியே, மாமியா கூப்பிட்டா ஒரே குரல்ல எந்திரிக்கத் தெரியாதா உனக்கு? உங்கம்மா என்னத்தை வளத்தா?" என்பாள். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று அது சொல்லும். "அதான் தெரியுதே" என்பாள். கூப்பிடாதபோது தானாகவே விழித்துக்கொள்வது வேறு. தும்மினால் விழிக்கும். தொழுகை முடித்து, கையை ஏந்தி, மகன் பெயரைச் சொல்லி துஆ கேட்டால், "சயாத்தை அழைக்கிறேன்" என்று உடனே போன் போட்டுவிடும். அவனும் லாரியை ஓட்டிக்கொண்டே எடுத்து, "ஆமீன் அம்மா" என்பான். அதற்கு மட்டும் அவள் மருமகளைத் திட்டியதே இல்லை.

ஏழரைக்கு என் வீட்டிலிருந்து ஊசியோடு எதிரே இருந்த அவள் வீட்டுக்குள் போனேன். தமேஷ் அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அல்லவா, இறந்தவர்களுக்கு ஏழு ரொட்டி பொரிக்க வேண்டும்.

"என்னடி, சளி பிடிச்சிருக்கா?" என்றாள் நான் வணக்கம் சொன்னவுடனேயே.

"பனிக்காத்து அக்கா. தொண்டை கட்டிக்கிச்சு."

"வெந்நீர்ல வெண்ணெய் போட்டுக் குடி."

வயிற்றில் ஊசியை வைத்தேன். அப்போது ஜன்னலில் மணி ஒலித்தது. நீல விளக்கு எரிந்தது.

"உங்களுக்கு நான்கு புதிய செய்திகள் உள்ளன. வாசிக்கட்டுமா?"

என் கை ஊசியோடு அப்படியே நின்றுவிட்டது. குடும்பக் குழு! சொந்தக்காரர்கள் அறுபது பேர் போனில் செய்தி போட்டுக்கொள்கிற குழுவில் சயாத் தன் அம்மாவையும் சேர்த்துவிட்டிருந்தான். யாரோ அதில் செய்தி போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் போட மாட்டார்கள். பட்டணத்தில் படிக்கிற பிள்ளைகள்தான், அவர்களுக்கு இரங்கல் சொல்ல அவ்வளவு அவசரம்.

"வேண்டாம்!" என்று கத்தினேன்.

"சரி. பிறகு நினைவூட்டுகிறேன்," என்றது அது.

"என் மருமகளுக்கு நீ எதுக்குடி பதில் சொல்ற?"

"ஊசி போடறப்ப நீ அசைஞ்சா யாரு பொறுப்பு? அப்புறம் கேட்டுக்கலாம்."

வயரைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த வீட்டின் கடிகாரமே அதுதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி கேட்பாள். பதில் வராவிட்டால் ஏன் என்பாள். தொலைபேசி நிலையத்துக்காரியிடம் கருவி கெட்டுவிட்டது என்று பொய் சொன்னால் அவளே கழற்றிப் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். எனவே, "புயல்ல இன்டர்நெட் போச்சு அக்கா, இனி எதுவும் வராது," என்றேன்.

"அப்படியா? அய்னா, வெளிய எவ்வளவு குளிர்?"

"இப்போது வெளியே மைனஸ் இருபத்து நான்கு டிகிரி. காற்று மணிக்கு அறுபது கிலோமீட்டர். பல்காஷ் சாலையில் போக்குவரத்து நிறுத்தப்பட்டுள்ளது."

"வேலை செய்யுதே!" என்று சிரித்தாள். "என் மருமக உன்னை விடக் கெட்டிக்காரி. பல்காஷ் சாலைங்குதே, சயாத் அந்தப் பக்கம்தானே போயிருக்கான். எங்கயாவது டீக்கடைல நிறுத்திட்டுத் தூங்கிட்டிருப்பான் கழுதை."

"ஆமா அக்கா. தூங்கிட்டிருப்பான்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

எண்ணெய் காய்ந்தது. அவள் மாவைத் தட்டித் தர, நான் பொரித்து எடுத்தேன். ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு பெயர் சொல்வாள். "இது எங்கப்பாவுக்கு. இது அம்மாவுக்கு. இது மாமனாருக்கு, நல்லா சிவக்க விடு, அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். இது என் வீட்டுக்காரருக்கு." ஏழாவதைப் பெயர் தெரியாமல் போனவர்களுக்கு என்று முடிப்பாள். முடித்துவிட்டுப் பாத்திரத்தைத் தடவினாள். அவள் விரலில் இன்னொரு உருண்டை மாவு தட்டுப்பட்டது.

"என்னடி இது, எட்டாவதுக்கும் மாவு இருக்கு? என் கைக்கு அளவு தப்பாதே. யாருக்கு இது?"

எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டது. நான் கையை இழுக்கவில்லை.

"குருவிக்குப் போட்டுடலாம் அக்கா."

"குருவி பொரிச்ச ரொட்டி கேக்குதா? சரி, போடு."

பத்து மணிக்குக் கீழ் வீட்டு பாயான் சல்லடை கேட்டு வந்தாள். அவள் வீட்டில் மூன்று சல்லடை இருக்கிறது. உண்மையில் அவள் வந்தது கறி வேக வைக்க அண்டா எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்க. சாயங்காலம் கூட்டம் வரும், அடுப்பு கீழ் வீட்டில்தான் மூட்ட வேண்டும். வாசலிலேயே வைத்துக் கண்ணால் பேசிக்கொண்டோம். உள்ளே பார்த்ததும் அவள் உதடு கோணியது. தோளைப் பிடித்துத் திருப்பிப் படியில் தள்ளிவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், சமையலறையில் தமேஷ் அக்காவின் குரல்: "சரி, வாசி."

"மொத்தம் பதினோரு செய்திகள். அனுப்பியவர் அஸ்கர். தமேஷ் பெரியம்மா, நாங்கள் எல்லோரும்..."

மேஜையில் இருந்த தேநீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். தரையில் விழுந்து சிதறியது. சத்தத்தில் அது நின்றது. "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

"ஐயோ, கால் வைக்காத அக்கா! சில்லு கிடக்கு, நகராத!" என்று கத்திக்கொண்டே துடைப்பத்தை எடுத்தேன். கூட்டுகிற சாக்கில் முடிந்த மட்டும் சத்தம் செய்தேன்.

"உடைஞ்சா உடையட்டும், நல்லதுக்குத்தான். அஸ்கர் என்னமோ எல்லாரும்னானே, என்னவாம்?"

"வசந்தப் பண்டிகைக்கு எல்லாரும் இங்க வர்றாங்களா இருக்கும்."

"இங்கயா? இந்த ரெண்டு ரூம்லயா?" முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. யார் யாரை எங்கே படுக்க வைப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்தாள். சயாத்தின் கட்டிலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம், அவன் லாரியிலேயே படுத்துக்கொள்வான் என்றாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத் தொழுகை நெருங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழுது முடித்ததும் மகன் பெயரைச் சொல்வாள். மருமகள் உடனே அவனை அழைக்கும். அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறது? எர்பொல்லிடம் ஒரே மூச்சில் சொன்ன அதே போலீஸ்காரர் எடுத்து, அந்தச் சமையலறை முழுக்கக் கேட்கும்படி ஒரே மூச்சில் சொல்வார்.

"அடுப்புல பால் வச்சிருக்கேன், பாத்துட்டு வந்துடறேன்," என்று என் வீட்டுக்கு ஓடினேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியை என் போனிலிருந்தும் கவனித்துக்கொள்ளும்படி சயாத் செய்து கொடுத்திருந்தான். எதை எங்கே அணைப்பது என்று எனக்கு எங்கே தெரியும்? எதைத் தொட்டாலும் வேறு எதையோ கேட்டது. கடைசியில் ஒரு பட்டியல் கிடைத்தது. அவள் அழைக்கிற ஆட்கள், அவளுக்குச் செய்தி அனுப்புகிற ஆட்கள், எல்லாப் பெயரும் அதில் இருந்தன. குடும்பக் குழுவை நீக்கினேன். அஸ்கரை நீக்கினேன். எர்பொல்லை நீக்கினேன். செய்ல்கானை நீக்கினேன். கடைசியாக சயாத். "நிச்சயமாக நீக்கவா?" என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. இனி எந்தச் செய்தியும் வராது, எந்த அழைப்பும் போகாது, லைன் கிடைக்கவில்லை என்று ஏதோ சொல்லும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாலு மணி வரை ஓட்டிவிடலாம். இவ்வளவு காரியம் செய்யத் தெரிந்த எனக்கு, பெயர் இல்லாவிட்டால் அது என்ன சொல்லும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவள் தொழுகையை முடித்து, விரிப்பிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள். ஏழு ரொட்டியின் பலனையும் செத்தவர்களுக்குச் சேர்க்கும்படி கேட்டாள். எனக்கும் கேட்டாள், தொண்டை சரியாக வேண்டுமாம். பிறகு, "யா அல்லா, என் சயாத்தை வழியில பத்திரமா வச்சிரு," என்றாள்.

நீல விளக்கு எரிந்தது.

"மன்னிக்கவும். உங்கள் பட்டியலில் சயாத் என்ற பெயரில் யாரும் இல்லை."

ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது.

"அய்னா," என்றாள். "என் மகன் சயாத்துக்குப் போன் போடு."

"உங்கள் பட்டியலில் சயாத் என்ற பெயரில் யாரும் இல்லை. புதிதாகச் சேர்க்கட்டுமா?"

"ரௌஷான், இங்கதானே இருக்க? என்னடி சொல்லுது இது?"

"அது குழம்பிப்போச்சு அக்கா," என்றேன். "புயல் இல்லையா. மெஷின்தானே, அப்படித்தான் உளறும்."

அவள் முகம் தளர்ந்தது. சிரிப்பு வந்துவிட்டது. "உதவாக்கரை! பெத்தது ஒரே ஒரு பிள்ளை, அவனையும் தொலைச்சுட்டியாடி நீ?" என்று ஜன்னல் பக்கம் திரும்பித் திட்டினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "சரி, உன் போன்ல போட்டுக் குடு. அவன் குரலைக் கேக்காம எனக்குச் சோறு இறங்காது."

போன் என் பையில்தான் இருந்தது. நான் அசையவில்லை.

"போடுடி."

எவ்வளவோ பொய் தயாராக இருந்திருக்க வேண்டும் எனக்கு. பேட்டரி இல்லை, பணம் போடவில்லை, ஏதாவது. காலையிலிருந்து சரளமாக வந்துகொண்டிருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"முப்பத்தொரு வருஷம் லைன்ல உக்காந்தவ நான்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பக்கம் ஆள் இருந்தும் பேசாம இருந்தா எனக்குத் தெரியும், ரௌஷான்."

நீட்டிய கையில் நான் போனை வைக்கவில்லை. என் கையை வைத்தேன். அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலில் பனி அறைந்துகொண்டிருந்தது. பிறகு கேட்டாள்.

"எப்போலேந்து தெரியும் உனக்கு?"

"காலைல ஆறே முக்காலுக்கு எர்பொல் சொன்னான்."

"ஊசி போடறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா அக்கா."

அவள் அழவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். "அப்ப நான் காலைலேந்து சிரிச்சிட்டு இருந்தேனே. என் பிள்ளை அங்க பனியில கிடக்கான், நான் இங்க உக்காந்து, யாரை எங்க படுக்க வைக்கறதுன்னு சிரிச்சிட்டு இருந்திருக்கேன்."

அந்தப் போலீஸ்காரர் சொல்லியிருந்தால்கூட ஒரு மனிதர் சொன்னதாக இருந்திருக்கும். பாதுகாக்கிறேன் என்று போய், அவளுக்குப் பிள்ளையே இல்லை என்று ஒரு பெட்டியைச் சொல்ல வைத்தேன். அதுவும் 'மன்னிக்கவும்' போட்டு.

"பேரை எடுத்தது நீதானே?" என்றாள்.

"ஆமா."

"திரும்பப் போடு."

போனை எடுத்தேன். எழுத்து தெரியவில்லை, கண்ணீர் மறைத்தது. இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சேர்த்தேன். "சயாத் என்ற பெயர் சேர்க்கப்பட்டது" என்றது ஜன்னல். அவள் மறுபடி தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நாங்கள் அந்த விரிப்பிலேயே இருந்தோம். பாயான் வந்து கதவைத் தட்டியபோது திறக்க வேண்டாம் என்றாள். என் கையை மட்டும் விடவில்லை.

நாலு மணி தாண்டியதும் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நிறையப் பேர், மெதுவாக, பேசாமல் ஏறினார்கள். செய்ல்கானின் இருமல் எனக்கும் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள்தான் என் கையை விட்டு, தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"முகத்தைக் கழுவிட்டுப் போய்க் கதவைத் தொற," என்றாள். "அந்த மனுஷன் இந்த வயசுல, இந்தப் பனியில வந்திருக்கார். உள்ள வரட்டும். உக்காந்து, அவர் வாயால சொல்லட்டும்."